தாத்தாவின் நோட்டில் ஒரு ஜோடி வளையல்

போன ஆடியில் பரணைச் சுத்தம் செய்ய ஏறியவன், இந்த ஆடி வரை இறங்கவில்லை என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதி உண்மை.

பரணில் கிடைத்தவை தாத்தாவின் வரவு-செலவு நோட்டுகள். 1954 முதல் 1976 வரை, வருஷத்துக்கு ஒன்றாக 23. கும்பகோணத்தில் பள்ளிக்கூட குமாஸ்தாவாக இருந்தவர். அரை வீசை கத்தரிக்காய் வாங்கினாலும் எழுதிவிடுவார். எடைக்குப் போட மனசு வரவில்லை. 'நாமதான் பி.காம். ஆச்சே, எல்லாத்தையும் எக்ஸெல்லில் ஏத்திட்டா என்ன?' என்று தோன்றியது. ஒரே மாசத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். (என் கணக்கின் லட்சணம் தெரிந்துதான் எந்த ஆடிட்டரும் என்னை வைத்துக்கொள்ளவில்லை. எழுத வந்துவிட்டேன்.)

முதல் நோட்டிலேயே முட்டிக்கொண்டது. 3-5-6 என்று இருக்கிறது. தேதியா, டெலிபோன் நம்பரா? அம்மாதான் சொன்னாள்: மூணு ரூபாய், அஞ்சணா, ஆறு தம்பிடி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. அதாவது 3 ரூபாய் 34 பைசா, கொசுறாக இன்னும் கொஞ்சம். 1957 ஏப்ரலில் சர்க்கார் நயா பைசா கொண்டுவந்தும் தாத்தா அசரவில்லை. 1959 வரை அணாவிலேயே எழுதித் தள்ளியிருக்கிறார். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் அவரும்தான். காபிப்பொடி, மண்ணெண்ணெய், பால்காரர் பாக்கி.

"இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள் மனைவி. பதில் இல்லை. தொடர்ந்து டைப் அடித்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய தகராறு உண்டு. "என் வளையலை அடகு வெச்சுத்தான் உங்கப்பனைக் காலேஜ்ல சேர்த்தார். கண்ணாடி வளையலோட மணையில உட்கார்ந்தவ நான்" என்பாள் அத்தை. "அக்கா சும்மா கதை விடறா" என்பார் அப்பா. இதனாலேயே பல தீபாவளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயின. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது.

பங்குனியில் 1973-ஆம் வருஷ நோட்டுக்கு வந்தேன். ஜூன் மாசம். வரவு: லக்ஷ்மி வளையல் 2, அடகு, ரூ. 350. அடுத்த வரியிலேயே செலவு: காலேஜ் சேர்ப்பு, ரூ. 312.

வரவு என்று ஒன்று இருந்தால் மீட்டதற்குச் செலவு இருக்க வேண்டுமே! மீதி நோட்டுகளை வரிவரியாகத் தேடினேன். 14 மாசம் வட்டி கட்டியிருக்கிறார். அப்புறம் வட்டியும் இல்லை, மீட்டதும் இல்லை. அந்தத் தை மாசம்தான் அத்தைக்குக் கல்யாணம்.

அப்பாவுக்குத் தெரியாமலே நடந்ததா, தெரிந்தும் மறைத்தாரா? கேட்க ஆளில்லை. அத்தையிடம் சொன்னால், போன மனுஷனைப் பொய்யனாக்கின மாதிரி. சொல்லாவிட்டால்? இரண்டு மாசம் நோட்டையே தொடவில்லை.

"அத்தைக்கு எழுபத்தஞ்சு ஆச்சு. இன்னும் எப்பங்க சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"வட்டி எத்தனை மாசம் கட்டினார்?"

"பதினாலு, அத்தை."

"மீட்கத்தான் பார்த்திருக்கார்" என்றாள் மெதுவாக. பிறகு, "அந்த வருஷம் தீபாவளிக்குத் தனக்கு வேஷ்டி எடுத்துண்டாரா, பாருடா."

அக்டோபர் பக்கத்தைப் புரட்டினேன். வேஷ்டி என்ற பேச்சே இல்லை. லக்ஷ்மிக்குப் புடவை, ரூ. 38 என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"அரக்குக் கலர்" என்றாள் அத்தை. "பார்டர் ரொம்பச் சின்னது. அதுக்கும் அன்னிக்கு அவரோட சண்டை போட்டேன்."