மடியா, சீட்டா?

போன ஞாயித்துக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் போயிட்டு திரும்பறோம். குறுக்க ஒரு ஆட்டோ. சடன் பிரேக். பின்னாடி பாத்தா, பத்து மாசப் பையன் சீட்டோட சேந்து ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கான். அடி ஒண்ணும் இல்ல, சிரிக்கறான். எனக்குத்தான் கை நடுங்குச்சு.

"நான் உன்ன மடியில வெச்சுத்தான வளத்தேன்?"னு அம்மா. கணக்கு போட்டுக் காட்டினேன். 50 கி.மீ. வேகத்துல போற கார் பத்துல ஒரு பங்கு நொடியில நின்னா, 10 கிலோ குழந்தை 140 கிலோ கனத்துல முன்னாடி இழுக்கும். எந்தக் கை தாங்கும்?

சரி, தப்பு எங்க? மூணு மாசமா பிரிக்காத கையேட்டை அன்னிக்குத்தான் பிரிச்சேன். பின்பக்கம் பாத்து உக்கார வெச்சா, பெல்ட் நீலக் குறி வழியா போகணுமாம். நான் விட்டிருந்தது சிவப்புல, அது முன்பக்கம் பாத்து உக்கார்றதுக்கு!

முட்டிய சீட் மேல அழுத்தி பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் போற எடத்துல புடிச்சு ஆட்டினா ஒரு இஞ்சுக்கு மேல அசையக்கூடாது. தோள்பட்டை வார் விரல்ல கிள்ளினா மடியக்கூடாது. ஏர்பேக் இருக்கற முன்சீட்ல இதை வைக்கவே கூடாது.

கூவத்துக்கு அந்தாண்ட புதுப்பேட்டையில எந்தப் பார்ட்டும் பழசுல கெடைக்கும். இதை மட்டும் பழசு வாங்காதீங்க மக்கா, ஏற்கெனவே அடிபட்டதான்னு பாத்தா தெரியாது.

2019 சட்டத் திருத்தப்படி 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லன்னா 1000 ரூபா அபராதம். அன்னிக்கு ஆட்டோக்காரர் கத்துக்குடுத்த பாடத்துக்கு அது கம்மிதான்.

உங்க சீட்டை ஒரு தடவ ஆட்டிப் பாருங்களேன்.