கடல் கிடந்த காரை

திருச்சிக்காரர்களுக்கு ஏறுவது என்றால் மலைக்கோட்டைதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாணிக்க விநாயகர் சன்னிதியில் தேங்காய் உடைத்துவிட்டு, நானூற்றுச் சொச்சம் படி ஏறி, உச்சிப் பிள்ளையாரைச் சுற்றி வந்து, காவிரியையும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் விரல் நீட்டிக் காட்டினால் கடமை முடிந்தது. கொஞ்சம் கால் தெம்பு உள்ளவர்கள் குளித்தலைக்குப் போய் ஐயர்மலையின் 1017 படிகளை ஏறுவார்கள். அங்கும் இப்போது ரோப் கார் வந்துவிட்டது. வடக்கே, சென்னை நெடுஞ்சாலையில் போய் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய காரை என்ற ஊரைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை.

கொள்ளிடப் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம், சிறுகனூர் என்று போய்ப் பாடாலூரில் கிழக்கே திரும்ப வேண்டும். பெரம்பலூர் போகும் பேருந்திலும் பாடாலூரில் இறங்கலாம்; அதற்கு மேல் சொந்த வண்டி இருந்தால்தான் சௌகரியம். ஊட்டத்தூரைத் தாண்டும் வரை பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று வழக்கமான பெரம்பலூர்ப் பக்கத்துக் காடுகள்தான். காரைக்கும் குளக்காநத்தத்துக்கும் இடையில் தரை சட்டென்று நிறம் மாறுகிறது. செங்கல் சிவப்பு, நடுநடுவே மஞ்சள், இடையிடையே சாம்பல். மழைநீர் அறுத்துப் போட்ட நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளும் அவற்றுக்கு இடையே கூரை முகடு மாதிரி எழுந்த மண்மேடுகளுமாக நிலம் கிடக்கிறது. அங்கங்கே வேலிக்கருவை. மற்றபடி மொட்டை.

பாலைவனம் என்று சொல்லிவிடாதீர்கள். மழை பெய்கிற ஊர்தான். அந்த மழைதான் இந்தக் காட்சியையே செதுக்கியது. இங்கே கீழே இருப்பது களிமண் படிவம். நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும், தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே போக வழியில்லாத தண்ணீர் மேலேயே ஓடி மண்ணை வாரிக்கொண்டு போகிறது. வேர் பிடிப்பதற்குள் மேல்மண் போய்விடுவதால் செடி நிற்பதில்லை, செடி இல்லாததால் அடுத்த மழைக்கு இன்னும் ஆழமாக அறுபடுகிறது. களிமண்ணில் உள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதுதான் இந்தச் சிவப்பு.

நடப்பதற்கு இதைவிட எளிய இடம் கிடையாது. மேடுகள் எல்லாம் சில ஆள் உயரம்தான். படி இல்லை, கைப்பிடி இல்லை, வழிகாட்டும் பலகையும் இல்லை. ஓர் ஓடைப் படுகையில் இறங்கி, அது போகும் போக்கில் போய், வேறொரு முகட்டின் மேல் ஏறித் திரும்பி வந்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். எல்லா மேடும் ஒரே சாடையில் இருப்பதால் வண்டி நிறுத்திய இடத்தில் ஓர் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மழை பெய்த மறுநாள் மட்டும் போக வேண்டாம். செருப்புக்கடியில் கிலோக் கணக்கில் களிமண் சேர்ந்துகொள்ளும், சரிவில் கால் நிற்காது. தை, மாசிதான் இதற்குத் தோதான காலம். சித்திரை வெயிலில் இங்கே நிழல் தேடுவது வீண் வேலை.

இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் காரையில் பார்க்க வேண்டியதெல்லாம் காலடியில் கிடக்கிறது. முதலில் கண்ணில் படுவது வெயிலில் மினுக்கும் கண்ணாடித் தகடு போன்ற ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் வெள்ளைக் கோடுகளாக ஓடுகிறது. அப்புறம் குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், ஒரு முனை கூரான தோட்டா வடிவக் கற்கள். அவை பெலெம்னைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடல் உயிரியின் உள்கூடு. கூடவே நத்தைபோல் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் என்ற கடல் உயிரிகளின் துண்டுகள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா மற்ற தென்கண்டங்களிலிருந்து பிரிந்து விலகிய பிறகு, கிழக்குக் கரையோரம் தாழ்ந்த காவிரிப் படுகைக்குள் கடல் ஏறி வந்தது. மலைக்கோட்டைப் பாறைக்கு உறவான பழங்கல்தான் அன்றைக்கும் மேற்கே கரையாக நின்றது. அந்தக் கடலின் அடிச்சேறுதான் இன்றைய காரை. சுறாவின் பல்லும், மீன் உருவம் கொண்ட இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் இதே படிவத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன.

ஊர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்களுக்கு இது முன்பே தெரிந்துவிட்டது. இந்தப் பகுதியிலிருந்து போன தொல்லுயிர்க் கற்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் லண்டனில் உட்கார்ந்து 1846-இல் விவரித்தார். அதன் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்கே சுற்றி, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதே பிளான்ஃபோர்டுதான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். உலகத்தின் எந்த மூலையில் இந்தக் கடல் கிடந்த கிரிட்டேசியஸ் காலத்தைப் படிக்கிறவருக்கும் ஊட்டத்தூர் பெயர் அறிமுகம். நமக்கு அது சுத்தரத்தினேசுவரர் கோயில் ஊர். சிறுநீரகக் கோளாறு தீர வேண்டும் என்று அங்குள்ள கல் நடராஜரை வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். கோயிலுக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவர் இன்னும் கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டினால்கூட காரைக்கு ஒரு டீக்கடை பிழைக்கும்.

ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் சாளக்கிராமம் வைத்து ஆராதிக்கிறார்கள். நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வருகிற, சக்கரம் பதிந்த அந்தக் கருங்கல்லும் அம்மோனைட்தான். காரைக் கற்களைவிட வயதில் மூத்தது. பெருமாளாக இமயமலையிலிருந்து வந்தது பூஜையறையில் இருக்கிறது, அதன் தாயாதி கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஓடையில் கிடக்கிறது. 2020-இல் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவி, கூட்டம் கூடிவிட்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த கடல் படிவக் கற்கள் என்று சொன்ன பிறகு கூட்டம் கலைந்தது. எனக்கு இதில் வருத்தம்தான். முட்டை என்றால் ஓடி வருவோம், கடல் என்றால் திரும்பிப் போய்விடுவோமா?

கிடைக்கும் கல்லை எடுத்து வர வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் விலாசம். வீட்டு ஷோகேஸில் வைத்த நிமிடமே விலாசம் தொலைந்துபோகும்.

காரையோடு நிறுத்தாமல் சாத்தனூரையும் சேர்த்துக்கொள்ளலாம். காரையைப் போலவே அதுவும் ஆலத்தூர் வட்டம்தான். அங்கே ஓடையோரம் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. கரையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்து, நாருக்குப் பதில் மணற்சத்து ஏறிக் கல்லான மரம். 1940-இல் இதைக் கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ச் சீமைக்காரர், புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். மரத்தைச் சுற்றி வேலி போட்டுத் தேசியச் சின்னமாகக் காக்கிறார்கள்.

காரைக்கு அப்படி வேலி கிடையாது, போட்டாலும் அடங்காது. விடியற்காலை ஐந்தரைக்குத் திருச்சியில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முள் ஏறாத ஷூ, பொட்டலத்தில் இட்லி. வழியில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒன்பதரைக்குச் சாத்தனூர் புறப்பட்டு, மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பாடாலூரில் காபி குடித்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்துவிடலாம்.