புள்ளியை நாமே வைக்க வேண்டும்



மதரஸாவில் ஃபராயிழ் பாடம் நடத்துபவனின் அலமாரியில், கிதாபுகளுக்குப் பக்கத்தில் ஐந்து பழைய ஸ்லைடு ரூல்கள் எதற்கு என்று வருவோர் கேட்கின்றனர். கால்குலேட்டருக்கு முன்பு பொறியாளர்கள் கணக்கிட்ட கோல் அது. 1614இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலப் பாதிரியார், மடக்கை முறையில் கோடிட்ட இரு கோல்களை நகர்த்திப் பெருக்கும் வழியைக் கண்டார். 1972இல் எச்.பி.-35 என்னும் கையடக்கக் கால்குலேட்டர் வந்தபின் இக்கோல்களின் காலம் விரைவில் முடிந்தது.

அதன் தத்துவம் எளியது. 25 சென்டிமீட்டர் அளவுகோட்டில் 2 என்னும் எண் 7.5 சென்டிமீட்டரில் நிற்கும். 3 ஏறத்தாழ 11.9இல் நிற்கும். இரு நீளங்களையும் கூட்டினால் 6 நிற்கும் இடம் வந்துவிடும். நீளங்களைக் கூட்டுவதே எண்களைப் பெருக்குவதாகிறது.

பழைய சாமான் கடைகளிலும் ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வீடுகளிலும் இவற்றைப் பெற்றேன். ஒரு கோல் கைக்கு வந்தால் முதலில் இடப்பக்க 1களை நேர்படுத்துவேன். வலப்பக்க முனைகளும் அப்போது நேர்பட வேண்டும். ஜப்பானின் ஹெம்மி மூங்கிலால் ஆனது. மழைக்காலத்திலும் இலகுவாக நகர்கிறது. ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல் மரக்கோலின் கோடுகள் மிக நேர்த்தியானவை. ஆனால் ஈரக்காற்றில் அது சற்று இறுகுகிறது. அமெரிக்காவின் பிக்கெட் அலுமினியக் கோலுக்குப் பருவ வேறுபாடு இல்லை. மூங்கிலின் மென்மையும் இல்லை. அந்நிறுவனத்தின் சிறிய கோல் ஒன்றை அப்போலோ விண்வெளி வீரர்கள் உடன் கொண்டுசென்றனர்.

இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கோல் இலக்கங்களை மட்டுமே தரும்; தசமப் புள்ளியைத் தராது.

ஜகாத் பாடத்தின்போது ஒரு மாணவர் கைப்பேசியில் கணக்கிட்டு, 3,60,000 ரூபாய்க்கு 90,000 என்று எழுதினார். ஐயம் சிறிதும் அவருக்கு எழவில்லை. ஹெம்மியை எடுத்து, ஒரு கோட்டின் 1ஐ மறுகோட்டின் 2.5க்கு நேராக வைத்து, 3.6க்கு நேரே பார்க்கச் சொன்னேன்.

“9 என்று இருக்கிறது, ஹஜ்ரத். தொள்ளாயிரமா, ஒன்பதாயிரமா, தொண்ணூறாயிரமா?”

“தம்பி, அதைக் கோல் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

அவர் சற்று யோசித்தார். ஒரு இலட்சத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு 2,500. ஆகவே மூன்றரை இலட்சத்துக்கு மேல் என்றால் 9,000தான் வர முடியும் என்று அவரே தெளிந்தார். கைப்பேசி கேட்காத கேள்வியைக் கோல் கேட்டுவிட்டது. ஒரு புள்ளி இடம் மாறினால் கொடுப்பவர் பத்து மடங்கு இழக்கிறார். அல்லது ஏழையின் உரிமையில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடுகிறது.

ஆயினும் ஃபராயிழுக்கு இக்கோலை நான் பயன்படுத்துவதில்லை. 17,53,680 ரூபாய் விட்டு மரணித்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அதாவது 2,19,210 ரூபாய். கோலில் அது 2.18க்கும் 2.20க்கும் நடுவே தெரியும். அந்த 210 ரூபாய் கண்ணுக்குப் புலப்படாது. பாலம் கட்டுபவருக்கு மூன்று இலக்கங்கள் போதுமாக இருக்கலாம். விதவையின் பங்கைப் பிரிப்பவருக்குப் போதாது. அங்கே பின்னங்களே ஆதாரம். தோராயம் சரிபார்க்க உதவும், தீர்ப்பளிக்க உதவாது.

சேகரிப்பு வீண்விரயமாகாதா என்பதும் நியாயமான கேள்வியே. வியாபாரப் பொருளல்லாததால் இவற்றுக்கு ஜகாத் கடமையில்லை; ஆனால் செலவிட்ட பணத்துக்குக் கேள்வி உண்டு. எனவே ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் மாணவர் கைக்குப் போகாத கோலை, விலை மலிவானாலும் வாங்குவதில்லை.

உங்கள் வீட்டில் ஸ்லைடு ரூல் இருக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு ஜகாத் கணக்கிடும்போது, கைப்பேசியைத் தொடுமுன் பிள்ளைகளிடம், “தொகை ஏறத்தாழ எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். அவர்கள் மனத்தால் ஒரு விடை சொன்னபின் பொத்தானை அழுத்தட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மீண்டும் கணக்கிடட்டும். பிறர் உரிமையைப் பேணும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.