அடகு வைத்த வளையல்கள்



புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி எழுத முற்படும் ஏடுகள் அவரிடம் தவறாமல் சில கேள்விகளைக் கேட்பதுண்டு. தங்களுக்குப் பிடித்த உணவு யாது? விரும்பிப் படித்த நூல் எது? வாழ்வில் மறக்கவியலா நிகழ்ச்சி என்ன? பிறர் அறியாத செய்தி ஏதேனும் உண்டா? நீங்களும் இத்தகைய பக்கங்களை ஆவலுடன் படித்திருப்பீர்கள். நானும் அவ்வாறு படித்து வருபவனே. பல ஆண்டுகள் படித்ததில் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. ஒருவருடைய வாழ்வில் வெளியே தெரியாத செய்தி என்று எதைத் தேடி எடுத்தாலும், அது பெரும்பாலும் அவரைப் பற்றியதாக இருப்பதில்லை. அவருக்காகத் தம் பங்கை விட்டுக்கொடுத்த வேறொருவரைப் பற்றியதாகவே இருக்கிறது.

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931 அக்டோபர் 15இல் இராமேஸ்வரத்தில் பிறந்தார், 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்தார், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்முன் உரையாற்றிக்கொண்டிருக்கையில் சாய்ந்து மறைந்தார் என்பவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. வீணை மீட்டுவதில் அவருக்கிருந்த ஈடுபாடும் பலர் அறிந்ததே. ஆனால், விமானத்தை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று மாணவப் பருவத்தில் அவர் எழுதிய தமிழ்க் கட்டுரைக்கு, ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவனின் கையால் முதற்பரிசு கிடைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளைக்கொண்டு, போலியோவால் கால் நலிந்த பிள்ளைகள் அணியும் மூன்று கிலோ கருவியை ஏறத்தாழ முந்நூறு கிராமாகக் குறைத்ததைத் தம் வாழ்வின் பேரின்பங்களுள் ஒன்றாக அவர் கருதினார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

இவற்றுக்கும் பின்னே செல்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, நாளிதழ்க் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைப் பிடித்துக் கொடுக்கும் வேலையைத் தந்து, சிறுவராயிருந்த அவருடைய கையில் முதற்கூலியை வைத்தவர் உறவினரான சம்சுத்தீன். தாம் அதிகம் படிக்க இயலாமற்போன அகமது ஜலாலுத்தீனோ, தம்மினும் பதினைந்து ஆண்டு இளையவரான அச்சிறுவரிடம் அறிவியலையும் நூல்களையும் பற்றிப் பேசிப் பேசி, தீவுக்கு அப்பாலுள்ள உலகைக் காட்டினார்.

பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்க இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தை ஜைனுலாப்தீன் அவர்களிடம் அவ்வளவு பணமில்லை. அப்போது தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பிக்குத் துணை நின்றார். அவற்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்திலேயே மீட்பேன் என உறுதிபூண்ட தம்பி, உதவித்தொகையை எண்ணி இரவு பகலாய்ப் படித்தார். 1999இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவரே இதனைப் பதிவு செய்திருக்கிறார். அதுவே ‘அக்னிச் சிறகுகள்’ என்று தமிழில் நம் இல்லங்களுக்கு வந்தது.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1955இல், நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் மகளிர்க்கென ஒரு கல்லூரியை நிறுவினார். எஸ்.ஐ.இ.டி. என்று மக்கள் அழைக்கும் அக்கல்லூரி இன்று அன்னாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஜொஹராக்கள் வளையலை மட்டுமன்றிப் படிப்பையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார். வளையலை வட்டியோடு மீட்டுவிடலாம். ஒரு பெண் விட்டுக்கொடுத்த ஆண்டுகளை எந்த அடகுக் கடையில் மீட்பது?

இனி, இந்த எளியவனிடம் அக்கேள்விகளைக் கேட்டால் என்ன சொல்வேன்? பிடித்த உணவு, நோன்புக் கஞ்சி; அதுவும் பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் வீடு வந்து சேரும் கஞ்சி. பிடித்த இடம், அஸர் தொழுகைக்குப் பின் காற்று வாங்கும் அயனம்பாக்கம் ஏரிக்கரை. நாரைகள் நீரைவிட்டு எழுவதை அங்கே மதரஸாப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் வழக்கம். பிறர் அறியாத செய்தி, ஓதிக்கொடுக்கும் இந்த ஹஜ்ரத் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவன் என்பது.

அப்பட்டத்தின் கதையிலும் ஒரு தமக்கை உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அக்கா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தார். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே அஞ்சல்வழியில் நான் பட்டம் படிக்க, மூன்று ஆண்டும் கட்டணம் கட்டியது அவருடைய சம்பளம். தேர்வுகள் முடிந்து நெடுநாள் சென்றபின், அந்தப் பாடப் புத்தகங்களைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பக்கந்தோறும் பென்சில் கோடுகள். ஓரங்களில் சிறு சிறு குறிப்புகள். அவை என் கையெழுத்தல்ல. தையல் வேலை முடிந்து வந்து, நாங்கள் உறங்கியபின், முகலாயர் வரலாறு முதல் பிரெஞ்சுப் புரட்சி வரை அவர் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். கேட்டபோது, “சும்மா கிடந்ததே என்று பார்த்தேன்ப்பா” என்றார். படித்தவர் இருவர், பட்டம் ஒருவருக்கு. என் வாழ்வில் மறக்கவியலா நிகழ்ச்சி அதுவே.

இதைக் கண்ணீர்க் கதையாகச் சொல்லவில்லை. என்னிடம் ஓதும் பெண்பிள்ளைகளுள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் சிலரைப் பற்றி, “தம்பியின் கல்லூரிக்கே செலவு சரியாகிவிடும் ஹஜ்ரத், இவள் போதும்” என்று இன்றும் சொல்லப்படுவதைக் கேட்பதால் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியர் மேற்படிப்பைத் தொடர்ந்தால், அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. உங்கள் மகளின் பள்ளியிலோ சேரவிருக்கும் கல்லூரியிலோ இதைக் கேட்டறியுங்கள். அவளை நிறுத்துமுன் கேட்டறியுங்கள்.

உங்கள் இல்லத்திலும் பெட்டிக்குள் பென்சில் கோடுகள் இருக்கக்கூடும். அவை யாருடையவை என்று விசாரியுங்கள். அவர் இன்னும் இளையவராக இருந்தால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அவர் பெயரில் கட்டுங்கள். வல்ல இறைவன் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்!