பாலாற்றின் அகலம்

நந்திமலையில் பிறந்து வயலூரில் கடல் சேரும் பாலாற்றை, கர்நாடகத்தின் பேத்தமங்கலம் ஏரியோடு முடிந்துபோன ஆறு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் வாணியம்பாடியில் ஒரு நினைவுத் தூணுக்காக நிற்க வேண்டும். 1903 நவம்பர் 12 வெள்ளத்தில் அங்கே ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். ஆறு எதுவரை ஏறும் என்பதை அந்த ஊர் மறக்க மறுத்தது.

வாலாஜா அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் ஏரி தாண்டி, செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் திருமுக்கூடல். எனக்குப் பாலாறு என்றால் இந்த இடம்தான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். பிறகு அங்குள்ள நரசிம்மரோடு ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போவார். ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால் கணுக்கால்வரை மணலில் புதையும். பின்னால் நாங்கள் பிள்ளைகள் ஓடுவோம். தாகமெடுத்தால் பாட்டி உட்கார்ந்து கையாலேயே மணலைப் பறிப்பாள். ஒரு முழத்தில் ஊற்றுக்கண் திறக்கும். முதலில் கலங்கி வருவதை இரண்டு தரம் இறைத்துக் கொட்டுவாள். தெளிந்ததும் சொம்பில் மொண்டு தருவாள். புளிசோற்றுக்கு அந்தத் தண்ணீர் அவ்வளவு ருசி. அக்கரையில் அப்பன் வெங்கடேசர் கோயிலில் சுற்றூர்ப் பெருமாள்களும் சேர்ந்து ஐவராகக் கூடும்போது இருட்டியிருக்கும். திரும்பும் வழியெல்லாம் மணல் குளிர்ந்து கிடக்கும்.

அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். வெள்ளத்தின் முதல் பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது அது. இப்போது பல இடங்களில் களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் அணைக்கட்டிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் தாங்கவில்லை.

கீழே செங்கல்பட்டுப் பக்கம் ஆபத்து வேறு வகை. கொளவாய் ஏரியின் உபரி நீர் நீஞ்சல் மடுவு வழியாகவும், மதுராந்தகம் ஏரியின் உபரி நீர் கிளியாற்றின் வழியாகவும் பாலாற்றுக்கு வர வேண்டும். ஆறு கரைபுரளும் நாளில் அந்தத் தண்ணீர் உள்ளே நுழைய முடியாமல் எதிர்த்து ஏறும். மடுவோரத்து மனைகளை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கோடையில் இடம் பார்க்க வருபவர்களுக்குக் கேட்கவும் தோன்றுவதில்லை.

மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமர் காத்ததாகவும், கொட்டும் மழையில் கலெக்டர் பிளேஸ் துரை கரையில் நின்று அதைக் கண்டதாகவும் சொல்வார்கள். இன்று மழை ராத்திரியில் கரையில் நிற்பவர் ஊராட்சித் தலைவர்தான். ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிப்பதும், பள்ளிக்கூடத்தைத் திறந்து சோறு ஆக்கிப் போடுவதும் அவர் பொறுப்பு. ஆனால் ஆறு நீர்வளத்துறையுடையது, புறம்போக்கு வருவாய்த்துறையுடையது, மணல் கனிமவளத்துறையுடையது. ஆற்றின் வெள்ளப்பரப்பை வகைப்படுத்தி எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்க மத்திய அரசு 1975-லேயே ஒரு மாதிரி மசோதாவை அனுப்பியது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. தமிழ்நாடு அவற்றில் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2021-ல் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெயின்டால் குறித்துவைக்கலாம். அந்தக் கோட்டுக்குக் கீழே வீடு கட்ட அனுமதி தரக்கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் போடலாம். ஆற்றங்கரையிலேயே பிறந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வெள்ளம் எந்தத் தெருவில் திரும்பியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஈசூர் – வல்லிபுரம் தடுப்பணை, பிறகு வயலூர் தடுப்பணை. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் நிலத்தடி நீரைக் காக்கவும் கட்டியவை, நல்ல வேலை. ஆனால் தடுப்பணை வெள்ளத்தைத் தடுக்காது. வயலூரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்று பாருங்கள், ஆற்றின் முழு அகலமும் தெரியும். மேலே ஊர்ச் சுவர்களில் வெள்ள மட்டத்தைக் குறிக்கும்போதும் இந்த அகலத்தைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். வைகாசியில் நடுவில் ஓடும் வாய்க்காலை அல்ல.