மேட்டில் கல், பள்ளத்தில் கரை

ஜனவரி 4, ஞாயிறு

நந்திவரம் ஏரி இந்த மார்கழியில் நிறைந்து கிடக்கிறது. காலையில் மகளோடு கரைமேல் நடந்தேன். ஒரு பக்கம் தண்ணீரும் நீர்க்காகங்களும். மறுபக்கம் மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள். கரை நேர்கோட்டில் போவதில்லை. பள்ளத்தைக் குறுக்கே மறித்து வளைந்து, இரு முனைகளும் மேட்டில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எந்த இடத்தில் மண்ணைக் கொட்டினால் மழைத்தண்ணீர் நிற்கும் என்று இதைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் புல் மூடிய பழைய மண்மேடுகளைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் நடந்துபோகிறார்கள். நம்முடைய மண்வேலை தினமும் நம் காலடியில் கிடக்கிறது. அதில் நடைப்பயிற்சி போகிறோம், அவ்வளவுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

வேலை முடிந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். 2023 டிசம்பர் 30இல் திறந்த பெரிய பஸ் நிலையம். அதை ஒட்டிய நிலத்தில் இரும்புக்கால ஈமச்சின்னங்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஊருக்குப் போகிற ஆயிரக்கணக்கான பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இடுகாடு.

இந்தப் பக்கத்து ஈமச்சின்னங்கள் பார்வைக்கு எளியவை. உருண்டைப் பாறைகளை வட்டமாக நட்டு, நடுவில் கல்லைக் குவித்திருப்பார்கள். அடியில் கற்பலகை அறையோ, தாழியோ, கால்கள் வைத்த சுடுமண் பேழையோ இருக்கும். கூடவே கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். வழக்கமாக உடலை முதலில் வேறிடத்தில் விட்டுவைத்து, பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்துதான் இதில் வைத்திருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950லும் 1952லும் பானர்ஜியும் சௌந்தரராஜனும் தோண்டிப் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர், "கல்லுதானேம்மா, இதுக்காக ஜனங்க மாடி எடுக்க முடியல" என்றார். 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டத் தடை; அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். இத்தகைய சின்னங்கள் உள்ள பல்லாவரத்திலும் இதே வருத்தம் உண்டு. அவர் கோபம் நியாயமானது. வீடு கட்டக் கடன் வாங்கியவனிடம் அந்தக் கல் என்னவென்று யாரும் வந்து சொல்வதில்லை; கட்டாதே என்ற பலகை மட்டும் வந்து நிற்கிறது.

ஜனவரி 10, சனி

மின்சார ரயிலில் எழும்பூர். அருங்காட்சியகத்தில் அந்தச் சுடுமண் பேழையைப் பார்த்து மகள் அசையாமல் நின்றுவிட்டாள். வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த தொட்டி மாதிரி இருக்கிறது. "இதுக்கு எதுக்கும்மா கால்?" என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்விதான், ஆனால் சரியான கேள்வி. பல்லாவரத்தில் இத்தகைய பேழைகளை 1880களில் தோண்டி எடுத்தவர் அலெக்சாண்டர் ரீ.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சரளைக் குழியொன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றங்கரைக் கற்கருவிகள் மிகப் பழையவை என்று அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி, நாம் சிக்னலில் ஹாரன் அடிக்கிற ஊரில்தான் தொடங்கியது. ஃபுட் சேர்த்த பொருட்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது.

ஜனவரி 11, ஞாயிறு

இரவெல்லாம் படித்தேன். தொல்லியலாளர் வி.டி. கிருஷ்ணசுவாமி 1949இல் எழுதிய கட்டுரையில் செங்கல்பட்டுப் பகுதி பற்றி ஒரு கவனிப்பு இருக்கிறது: ஈமக்காடுகள் பயிர் விளையாத சரளை மேட்டில், பாறைச் சரிவில் இருக்கின்றன, அவற்றுக்கு அருகே பள்ளத்தில் ஏரி. ஈமக்காடுகளை அமைத்த மக்களே ஏரிப்பாசனத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற முடிவை எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. எனக்கும் அவ்வளவு தூரம் போகத் தயக்கம்தான். ஏரிகள் பிற்காலத்தில் வெட்டியவையாக இருக்கலாம். ஆனால் இறந்தவர்களை மேட்டில் வைத்து, ஈரமுள்ள நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டது தெளிவாகத் தெரிகிறது. இன்று மேடு, பள்ளம் இரண்டிலும் மனை போட்டு விற்கிறோம்.

கரையைக் காக்க நம்மிடம் சட்டத்துக்கு முன்பே ஏற்பாடு இருந்தது. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் என்ற ஏரி தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயரைத் தாங்கியது. அதே ஊரின் 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுக்கும் முறை இருக்கிறது. ஏரிப் பராமரிப்புக்கென்றே நிலம் ஒதுக்கி ஏரிப்பட்டி என்றார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கூட்டம் ஓய்ந்தது. கலங்கலருகே தூண்டில் போட்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி ஊரப்பாக்கம், ஆதனூர்னு ஏரிக்கு ஏரி இறங்கி அடையாத்துல விழும்மா. வழியில யாராவது அடைச்சா கீழ இருக்கவன் முழுகுவான்" என்றார். 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதை நினைத்துக்கொண்டேன். போக்குக்காலில் யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டியிருக்கிறார்கள். கல்வட்டத்துக்கு 100 மீட்டர் உண்டு, இந்தக் கரைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. எனக்கு இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம்.

மனு எழுதிவிட்டேன். இடிபாட்டை அடுத்த மழைக்குள் அகற்ற வேண்டும். கரையின் உள்சரிவையும் கலங்கலையும் அளந்து எல்லைக் கல் நட வேண்டும். கிளாம்பாக்கம் ஈமச்சின்னங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட மாதம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தெருவில் கையெழுத்து வாங்க நாளை மாலை கிளம்புகிறோம். டீக்கடைப் பெரியவரிடமும் கேட்கப்போகிறேன். மாடி எடுக்க முடியாதவர்களின் குறையையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறேன்.