பாவப் பள்ளத்தாக்கின் ஓரத்தில்

ஞாயிற்றுக்கிழமையில் அங்குச் செல்லவேண்டாம் என்று பலர் நமக்குப் புத்தி சொல்லியிருந்தனர். "ஆட்டம் நடைபெறாது, வெறும் புல்லைப் பார்ப்பதற்கா அவ்வளவு தூரம்?" என்பது அவர்கள் வாதம். ஆயினும், சென்ற வைகாசி மாதத்து ஞாயிறொன்றிலேயே நாமும் நம் நண்பர் மாஸ்டரும் ஸ்கொத்லாந்தின் கீழைக் கரையிலுள்ள சென்ற் அன்றூஸ் நகரிற் போய் இறங்கினோம். அவ்வாறு சென்றதற்காக இன்றுவரை நாம் வருந்தவில்லை.

எடின்பரோ நகரிற் புகையிரதம் ஏறி, 1890ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட போர்த் பாலத்தின்மேற் கடற்கழியைக் கடந்து, லூக்கர்ஸ் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கவேண்டும். சென்ற் அன்றூஸ் வரை சென்ற இருப்புப்பாதை 1969இல் மூடப்பட்டுவிட்டமையால், எஞ்சிய தூரத்துக்குப் பஸ் வண்டியே கதி. வயல்களுக்கு அப்பால் முதலிற் கடல் தெரிகிறது. பின்னர் இடிந்த பேராலயத்தின் கோபுரங்கள். அதன் பின்னரே, கடலுக்கும் ஊருக்கும் இடையில் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் அந்தப் புல்வெளி. 1413இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றும் அவ்வூரில் உண்டு. ஆயினும் உலகத்தார் அவ்வூரை அறிந்திருப்பது அந்தப் புல்வெளியினாலேயே. கோல்ப் ஆட்டக்காரருக்கு அது மக்கா. காசி என்றாலும் பொருந்தும்.

காசிக்கு வந்த நமக்கு முதலில் எதிர்ப்பட்டது ஒரு நாய். அதன் பின்னால் ஒரு கிழவி. அவருக்குப் பின்னால், தள்ளுவண்டியிற் குழந்தையை வைத்து உருட்டியபடி ஓர் இளந் தம்பதியர். உலகிற் புகழ் மிக்க அந்தப் 'பழைய திடல்' ஞாயிறு தோறும் ஆட்டத்துக்கு ஓய்வு கொடுத்து, ஊரார் உலாவும் பூங்காவாக மாறிவிடுகிறது. பெரும் போட்டிகள் நடைபெறும் காலமே இதற்கு விலக்கு. அத்திடல் எந்தச் சங்கத்துக்கும் சொந்தமன்று. ஊர்மக்கள் அங்கு விளையாடுவதற்குரிய உரிமையை 1552ஆம் ஆண்டிலேயே ஹமில்ற்றன் என்ற அத்தியட்சர் சாசனமாக எழுதிக் கொடுத்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்று ஒரு பொது நம்பிக்கை நிதியம் அதனைப் பரிபாலிக்கிறது. இதனைக் கேட்ட மாஸ்டர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் பேசாதிருந்ததற்குக் காரணம் உண்டு. நம் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். கணித ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பத்து வயது முதல் பதினைந்து வயது வரை, பள்ளி விடுமுறை நாட்களில், மலைநாட்டுத் திடலொன்றிலே துரைமாரின் கோற்பையைச் சுமந்திருக்கிறார். "பை சுமக்கிற பையனுக்கு அங்கே ஆடும் உரிமை கிடையாது. ஆனால் எந்தக் கோலை எடுக்கலாம் என்று துரை கேட்டால், பதில் சொல்லும் உரிமை உண்டு," என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. யாரோ எறிந்துவிட்ட இரும்புத் தலையொன்றைக் கொய்யாக் கம்பிற் செருகி, லயத்து வாசலில், காணாமற்போன பந்துகளைக் கொண்டு பழகிய ஆட்டமே அவருடையது. சிறிய வாசலாதலால் அவர் பழகியதெல்லாம் சிறிய அடிகள்தாம். டண்டீ நகரில் வைத்தியராயிருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டவர், நம்மையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

கோல்ப் ஆட்டத்தைக் கண்டிராத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகாயத்திற் பறக்கும் நீண்ட அடியே அந்த ஆட்டம் என்று நாம் எண்ணியிருந்தோம். அஃது ஆட்டத்தின் பாதிதான். குழியின் வாய் 4¼ அங்குலம். அதனைச் சுற்றி மிக ஒட்டக் கத்தரித்த பசுந்தரை. பழைய திடலின் 18 குழிகளுக்கும் விதிக்கப்பட்ட 72 அடிகளில், குழியொன்றுக்கு இரண்டாக 36 அடிகள் பசுந்தரையில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பந்து பசுந்தரையை எட்டாமல் அதன் ஓரத்திலே நின்றுவிட்டால் என்ன செய்வது? வழிகள் மூன்று. உருட்டுக்கோலால் தரையோடு தரையாக உருட்டிவிடலாம். இரும்புக்கோலாற் சிறிது தட்டி, சில அடி பறக்கவிட்டு மிகுதித் தூரத்தை ஓடவிடலாம். அல்லது, வெட்ஜ் எனப்படும் மிகச் சரிந்த முகமுள்ள கோலால் உயரத் தூக்கி, குழியருகே விழுந்து நிற்கச் செய்யலாம். மூன்றாவதே கண்ணுக்கு அழகு. சிறுவர் கைதட்டுவதும் அதற்கே.

ஊரை ஒட்டினாற்போல் இருப்பது 18ஆம் குழி. அதன் பசுந்தரைக்கு முன்னே, இடப்பக்கமாக, ஒரு பள்ளம். பாவப் பள்ளத்தாக்கு என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு ஏதோ பாதாளத்தை எதிர்பார்த்த நமக்குக் கண்டது ஏமாற்றமே. நம் ஊர்க் குளத்துத் தாழ்வாரம் போன்ற ஒரு தாழ்வு, அவ்வளவுதான். ஆனால் அதனுள் இறங்கி நின்ற பின்னர், பசுந்தரையின் விளிம்பு நெஞ்சை நோக்கி எழுவதைக் கண்டோம். தயங்கி வரும் பந்தை அந்தச் சரிவு திரும்பக் காலடிக்கே அனுப்பிவிடும்.

1995ஆம் ஆண்டுத் திறந்த சுற்றுப் போட்டியின் கடைசி நாள். இத்தாலியரான கொன்ஸ்தாந்தீனோ ரொக்கா இந்தக் குழியை மூன்றே அடியில் முடித்தால், அமெரிக்கரான ஜோன் டேலியுடன் சமநிலை அடைவார். முதல் அடி பசுந்தரையின் அண்மைவரை வந்துவிட்டது. அவர் வெட்ஜைக் கையில் எடுத்தார். கோல் பந்துக்குப் பின்னே மண்ணைத் தொட்டது. பந்து சில யார் தத்திப் பள்ளத்தாக்கில் வந்து கிடந்தது. எல்லாம் முடிந்ததென்றே பார்த்தவர்கள் எண்ணினர். அடுத்து அவர் உருட்டுக்கோலை எடுத்தார். அறுபது அடிக்குக் குறையாத தூரம். நடுவே அந்த மேடு. பந்து ஏறி, வளைந்து, குழிக்குள் விழுந்தது. ரொக்கா தரையில் விழுந்து, இரு கைகளாலும் மண்ணை அறைந்து அழுதார். பின்னர் நடந்த 4 குழி ஆட்டத்தில் டேலியே வென்றார் என்பது வேறு விஷயம்.

"முதலிலேயே உருட்டியிருக்கலாமே!" என்றோம் நாம்.

"கரையிலே நின்று சொல்வது சுலபம்," என்றார் மாஸ்டர். அவர் குனிந்து, பள்ளத்தின் புல்லை உள்ளங்கையாற் தடவிப் பார்த்தார். பசுந்தரையில் மட்டும் நாம் இருவரும் காலெடுத்து வைக்கவில்லை. "நுனிப் புல் எவ்வளவு குட்டை பாருங்கள். கீழே மணல். பந்துக்கும் மண்ணுக்கும் நடுவே கோல் நுழைய இடமே இல்லை. வெட்ஜின் அடிப்பாகம் புடைத்திருக்கும். இறுகிய தரையில் அது துள்ளும். துள்ளினால் கோலின் கூர்விளிம்பு பந்தின் வயிற்றில் படும். பந்து அக்கரைக்கு ஓடும். அதற்குப் பயந்து தாழ அடித்தால், ரொக்கா செய்தது போல மண்ணில் படும்."

உருட்டுக்கோல் எடுத்தவரெல்லாம் பிழைத்தார் என்று கொள்ளவேண்டாம். இதே பசுந்தரையில், 1970ஆம் ஆண்டில், டக் சாண்டர்ஸ் மூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் உருட்டத் தவறி, கையிலிருந்த வெற்றியை இழந்தார். மறுநாள் ஜக் நிக்லஸ் ஓரடி வித்தியாசத்தில் வென்றார். சற்று அப்பால் 17ஆம் குழி. அதன் பசுந்தரை குறுகலானது. முன்னே ஆழமான மணற்குழி, பின்னே ஒரு தெருவும் கல்மதிலும். 1978இல் முன்னணியினருள் ஒருவராய் விளங்கிய யப்பானியரான நகஜிமா இரண்டே அடிகளிற் பசுந்தரையை அடைந்துவிட்டார். அங்கிருந்து உருட்டிய பந்தைச் சரிவு இழுத்து மணற்குழியில் தள்ளியது. வெளியேற நான்கு அடிகள், மொத்தம் ஒன்பது. கோல் சரியானதுதான், வழி பிழைத்துவிட்டது.

மத்தியானத்தின் பின் பேராலயத்து மயானத்துக்குச் சென்றோம். அங்கே ரொம் மொறிஸ் என்ற பெயருடைய தந்தையும் மகனும் உறங்குகின்றனர். மகனின் சமாதியில், பந்தின்மேற் குனிந்து நிற்கும் கோலத்தில் அவன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு முறை தொடர்ந்து திறந்த போட்டியில் வென்றவன். மனைவி பிரசவத்தில் இறந்த அதே 1875ஆம் ஆண்டின் நத்தார் தினத்தில், 24 வயதில், தானும் மறைந்தான். தந்தையோ 1908 வரை வாழ்ந்தார்.

இவர்களுக்கும் நம் சிறிய அடிகளுக்கும் சம்பந்தமுண்டு. முற்காலத்துப் பந்து, தோலுறையினுள் வாத்திறகை அடைத்துத் தைத்தது. இரும்புக்கோல் பட்டால் கிழியும்; ஆகவே மரக்கோல்களே பெரும்பாலும் வழங்கின. 1848 அளவில் மலாயாக் காட்டு மரத்துப் பாலாற் செய்த குட்டா-பேர்ச்சாப் பந்து வந்தது. நம் பாட்டன்மார் உத்தியோகம் தேடிக் கப்பலேறிய அதே மலாயாதான்! விலை மலிவு, இரும்புக்குக் கிழியாது. இறகுப் பந்து செய்து பிழைத்த அலன் றொபேட்சன், புதிய பந்தினால் ஆடினார் என்பதற்காகத் தம்மிடம் வேலை பயின்ற மூத்த ரொம்மோடு பிணங்கிப் பிரிந்தார். பின்னர் அவரே மனம் மாறி, இரும்புக்கோலாற் பந்தைத் தரையோடு ஓடவிட்டுக் குழியை அணுகும் முறையிற் பேர் பெற்றார். இளைய ரொம்மோ, வண்டிச் சுவடுகளிற் புதைந்த பந்தைத் தோண்டுவதற்கென இருந்த சிறிய இரும்புக்கோலை எடுத்து, பந்தை உயரத் தூக்கிப் பசுந்தரையில் இறக்கிக் காட்டினான். ஓடவிடுவதா, தூக்குவதா என்ற வழக்கு அன்று தொடங்கியது. தூக்கியே தீரவேண்டும் என்பது நம் கட்சி. உருட்டுவதே உத்தமம் என்பது மாஸ்டரின் கட்சி.

வழக்கைத் தீர்க்க மறுநாட் காலை பயிற்சித் திடலுக்குச் சென்றோம். கோல்களை வாடகைக்கு எடுத்தோம். குழி 20 யார் தூரம். அதில் முதல் 5 யார் ஓரப்புல். ஆளுக்கு 20 பந்துகள். கோலொன்றின் நீளத்துக்குள் நின்ற பந்தே கணக்கில் சேரும். நாம் வெட்ஜை எடுத்தோம். மூன்று பந்துகள் சேர்ந்தன; ஐந்து பசுந்தரையைத் தாண்டி ஓடின; ஒன்று பக்கத்தில் நின்ற கனவான் ஒருவரின் சப்பாத்தைத் தொட்டது. அவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். நாம் வெட்கினோம்.

மாஸ்டர் பந்தைத் தொடுமுன் தம் கைலேஞ்சியைப் பசுந்தரையின் விளிம்புக்கு ஒரு யார் உள்ளே விரித்தார். "குழியைப் பார்க்கவேண்டாம். பந்து எங்கே விழவேண்டும் என்பதைப் பாருங்கள்," என்றார். பின்னர் கணக்கு வாத்தியார் வெளிப்பட்டார்: "12இலிருந்து கோலின் இலக்கத்தைக் கழியுங்கள். 9ஆம் இலக்கக் கோல் என்றால் ஒரு பங்கு பறக்கும், மூன்று பங்கு ஓடும். 8 என்றால் நான்கு பங்கு ஓட்டம். 7 என்றால் ஐந்து. இது சமதரைக் கணக்கு. மேடென்றால் குறையும், பள்ளமென்றால் கூடும்." பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்து, உடற்பாரத்தை முன்காலில் ஏற்றி, கைகளைப் பந்துக்குச் சற்று முன்னே நிறுத்தி, சுவர்க்கடிகாரத்து ஊசல் போல ஆட்டினார். மணிக்கட்டு அசையவில்லை. 20இல் ஒன்பது சேர்ந்தன. கொய்யாக் கம்பிற் பழகிய கை!

பின்னர் அவர் நமக்குப் பாடம் எடுத்தார். ஒரே இடத்திலிருந்து கூடை கூடையாய் அடிப்பதை அவர் விரும்பவில்லை. ஒரே பந்து, ஒவ்வொரு தடவையும் வேறோர் இடம், அடித்த பின் உருட்டிக் குழிக்குள் விழுத்தியே தீரவேண்டும். "ஆட்டத்தில் இரண்டாம் பந்து தரமாட்டார்களே!" என்றார். ஒரு மணி நேரத்தில் நம் கையிலும் ஏதோ ஒன்று படியத் தொடங்கியது.

ஆனால் வழக்கு அவர் பக்கமே முழுதும் தீர்ந்துவிடவில்லை. மணற்குழியொன்றின் பின்னே பந்தை வைத்து, "இப்பொழுது உருட்டுங்கள் பார்ப்போம்," என்றோம். ஆறு முறை முயன்றார், ஆறும் மணலில். முந்திய நாள் மழை பெய்து நனைந்த புல்லில் நம் வெட்ஜ்ப் பந்து ஒன்று தாண்டி விழுந்து அங்கேயே நின்றது. மாஸ்டர் நம் கையைப் பிடித்துக் குலுக்கினார். நனைந்த மலைநாட்டுத் திடலில் துரைமார் தூக்கியடித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். காற்று வீசும் இந்தக் கடற்கரையின் இறுகிய மணற்றரையே உருட்டச் சொல்கிறது.

மாலையில் அவருடைய மகளும் வந்து சேர்ந்தாள். "அப்பா, மாமா, இரண்டு பேரும் இன்னும் சண்டை முடிக்கவில்லையா?" என்று கேட்டு, நம்மை 'இமாலயம்' என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றாள். பழைய திடலின் பக்கத்திலேயே, பெயருக்கேற்ப மலையும் மடுவுமாய் அலைபாயும் உருட்டுத் திடல் அது. 1867இல் பெண்களுக்கென ஆரம்பிக்கப்பட்ட சங்கத்துக்கு உரியது. கோலைத் தோளுக்கு மேலே உயர்த்துவது பெண்மைக்கு அடக்கமன்று என்று கருதிய காலத்தில், உருட்டுவது மட்டும் அவர்களுக்கு விடப்பட்டது போலும்! அந்தச் சிறு ஆட்டத்தையே அவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் விடாது காத்து வந்திருக்கிறார்கள். வழிப்போக்கரும் சில பவுண் கொடுத்து ஆடலாம். நமக்கு முன்னே ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியை வென்றுகொண்டிருந்தாள்.

சாளரத்தருகே ஒரு கோலையும் பந்தையும் கொடுத்தார்கள். மாஸ்டர் அவற்றை வாங்கிக்கொண்டு, முதற் குழியின் அருகே வெகுநேரம் நின்றார்.

"பெயர் கூடக் கேட்கவில்லை," என்றார்.

"ஆடுங்கள் மாஸ்டர், பின்னால் ஆட்கள் காத்து நிற்கிறார்கள்," என்றோம்.

"ஆடுகிறேன்," என்று சொல்லிவிட்டு, பந்துக்கும் குழிக்கும் இடையிலுள்ள மேட்டைச் சுற்றி மெல்ல நடந்து, மறுபுறத்திலிருந்து குனிந்து பார்த்தார். நாம் பந்தைத் தரையில் வைத்துக் காத்திருந்தோம்.